செட்டிநாட்டில் தங்கி ஊர் சுற்ற வருவோர்க்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாடு என்பது எந்தப் பகுதி? காரைக்குடிதான் செட்டிநாடா?

காரைக்குடி செட்டிநாட்டின் பெரிய ஊர். ஆனால் செட்டிநாடு முழுவதும் காரைக்குடி அன்று. சிவகங்கை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியிலுமாகப் பரவிக் கிடக்கும், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வாழ்ந்த ஊர்களின் தொகுதியே செட்டிநாடு. முன்பு 96 ஊர்கள் என்பது வழக்கு. இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்களே அந்தக் கணக்கில் உள்ளன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, தேவகோட்டை முதலியன பயணிகள் அதிகம் கேள்விப்பட்டிருக்கும் பெயர்கள். மலையோ கடலோ பேராறோ இல்லாத வறண்ட சமவெளி இது. செம்மண், கருவேல மரங்கள், ஊருக்கு ஊர் ஓர் ஊருணி, அதன் கரையில் ஒரு கோயில், அதற்கு அப்பால் திடீரென்று தெருவின் நீளத்துக்கு நிற்கும் வீடுகள் என்பதுதான் இங்குள்ள காட்சி. குளிர்ச்சியையும் பசுமையையும் எதிர்பார்த்து வருவோருக்கு இந்த நாடு ஏமாற்றத்தையே தரும். கல்லையும் மரத்தையும் சுண்ணாம்பையும் நின்று பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு நாள்கள் போதாது.

எப்படி வந்து சேர்வது?

சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் விரைவு ரயில் காரைக்குடி வரை வருகிறது. இராமேசுவரம் செல்லும் சில ரயில்களும் இவ்வழியே போகின்றன. விமானத்தில் வருவோருக்கு மதுரை, திருச்சி ஆகிய இரண்டு நிலையங்களும் ஏறத்தாழச் சம தூரத்தில், சாலை வழியே சுமார் இரண்டு மணி நேரத்தில் உள்ளன. கானாடுகாத்தானை அடுத்து ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே ஒரு சிறிய ரயில் நிலையம் இருந்தாலும், எல்லா ரயில்களும் அங்கு நிற்கும் என்று எண்ணிக்கொண்டு பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இப்பக்கத்தில் திருப்பத்தூர் என்று குறிப்பிடப்படுவது சிவகங்கை மாவட்டத்து ஊர். வட தமிழ்நாட்டில் தனி மாவட்டமாகவே உள்ள திருப்பத்தூர் வேறு. கைப்பேசி வரைபடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் இட்டு வண்டியைக் கிளப்பினால், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊருக்கு அது வழி சொல்லத் தொடங்கிவிடும்.

காரைக்குடியில் தங்குவதா, கிராமத்தில் தங்குவதா?

பேருந்தையே நம்பிச் சுற்றுவோருக்குக் காரைக்குடியே வசதி. எல்லாத் திசைகளுக்கும் அங்கிருந்துதான் பேருந்துகள் புறப்படுகின்றன; எல்லா விலையிலும் விடுதிகள் உள்ளன; இரவு பத்து மணிக்கும் சாப்பாடு கிடைக்கும். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் கானாடுகாத்தானிலோ கோட்டையூர்ப் பக்கத்திலோ பழைய வீடொன்றை விடுதியாக மாற்றியிருக்கும் இடத்தில் தங்குவதே மேல். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் இந்த வீடுகளைப் பகல் வெயிலில் அரை மணி நேரம் சுற்றிப் பார்ப்பது ஒன்று. மாலையில் அதன் வளவில், அதாவது நடுமுற்றத்தில், உட்கார்ந்திருப்பதும், காலையில் தளத்தின்மேல் வெயில் இறங்கி வருவதைப் பார்ப்பதும் வேறொன்று. ஓர் இரவாவது அப்படித் தங்கியவர்களுக்குத்தான், வெளியிலிருந்து பார்க்க ஆடம்பரமாக மட்டும் தெரியும் அந்த அமைப்பு வெப்பத்துக்கும் மழைக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் எவ்வளவு கணக்காகப் பொருந்துகிறது என்பது விளங்குகிறது.

எத்தனை நாள் வேண்டும்? நாள்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?

மூன்று முழு நாள்கள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். இரண்டு நாள்கள் என்றால் ஒரு திசையை விட்டுவிட வேண்டும். ஒரே நாள்தான் என்றால் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது திசை. வரைபடத்தில் எல்லா ஊர்களும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகத் தெரிவதால், காலையில் திருமயம், பிறகு திருக்கோட்டியூர், மாலையில் ஆத்தங்குடி என்று குறுக்கும் நெடுக்குமாகத் திட்டம் போடுபவர்களே அதிகம். தூரம் அவர்களைத் தோற்கடிப்பதில்லை, நண்பகல்தான் தோற்கடிக்கிறது. இங்குள்ள கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக்கோ ஒரு மணிக்கோ நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டு, காலையில் கோயில், நண்பகலில் வீடோ பட்டறையோ அருங்காட்சியகமோ, மாலையில் மீண்டும் கோயிலோ ஊருணிக்கரையோ என்று அமைத்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். முதல் நாள் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் காரைக்குடியும். இரண்டாம் நாள் மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வழி. மூன்றாம் நாள் வடக்கே திருமயமும் புதுக்கோட்டைப் பக்கமும் என்பது எளிய பிரிப்பு.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி இறுதி வரை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். மழையில் வளவுகளைப் பார்ப்பது தனி அழகு என்றாலும் குன்றுகளில் ஏற முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் பாறைக் கோயில்களுக்குப் பகலில் செல்வது துன்பம். செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு அடி வைத்தாலே தெரிந்துவிடும்.

தை மாதத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் காவடி எடுத்து நடந்து செல்லும் நகரத்தார் குழு குன்றக்குடி வழியே செல்வதால் அந்த நாள்களில் சாலையும் தங்குமிடமும் நெருக்கடியாக இருக்கும். மற்றொன்று, பொங்கலை ஒட்டிப் பிள்ளையார்பட்டிக்கு அருகிலுள்ள சிராவயலில் நடக்கும் மஞ்சுவிரட்டு. காண விரும்புவோர் அதற்கென்றே வரலாம். விரும்பாதவர்கள் அன்றைக்கு அந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும். தை, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் பல வீடுகள் குடும்பத் திருமணங்களுக்காகத் திறக்கப்பட்டு, பார்வையாளர்களுக்கு மூடப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெரிய வீடுகளுக்குள் சென்று பார்க்க அனுமதி உண்டா?

எல்லா வீடுகளுக்கும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: ஆளரவமற்றுப் பூட்டிக் கிடக்கும் வீடு உரிமையாளர் இல்லாத வீடு என்பது அது. உண்மையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பல பங்காளிகள் உண்டு. அவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும் திருமணத்துக்கும் அறுபதாம் கலியாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் இங்கு வந்து கூடுகிறார்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் வரும் அந்த நோன்பில், மாவுப் பிள்ளையாரில் திரியிட்டு ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. ஆகவே இவை காட்சிசாலைகள் அல்ல.

ஆத்தங்குடியில் ‘பெரிய வீடு’ அல்லது ‘அரண்மனை’ என்று வழங்கப்படும் வீடு சிறு கட்டணத்தில் பார்வைக்குத் திறந்திருக்கிறது. முதலில் பார்க்க ஏற்றது அதுவே. கானாடுகாத்தானில் 1912இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி கிடைப்பது அரிது. அதே தெருக்களில் வேறு சில வீடுகளில் காவலாளி இருப்பார். அவரிடம் பணிவாகக் கேட்டு, அவர் காட்டும் இடத்தை மட்டும் பார்த்து, புறப்படும்போது ஏதேனும் கொடுத்து வருவது இங்குள்ள நடைமுறை. அவர் மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. சொல்லாமல் படம் எடுக்கவும் கூடாது. காரைக்குடியின் ‘ஆயிரம் சன்னல் வீடு’ பெயரால் பலரை இழுக்கிறது; ஆனால் அதைத் தெருவில் நின்றுதான் பார்க்க முடியும். அதற்கென்று ஒரு பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது எம் கருத்து.

வீட்டுக்குள் எதைக் கவனிக்க வேண்டும்?

தேக்குத் தூணின் பருமனையும் பெல்ஜியம் கண்ணாடியின் உயரத்தையும் காவலாளியே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததைச் சொல்கிறோம். தலைவாயிலில் நின்று உள்ளே பாருங்கள். வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், பின்புறத் தெருவின் வெளிச்சம் வரை பார்வை ஓடும். ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பும் திண்ணையும் ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்த, விருந்தினரை வரவேற்ற இடம். அதையடுத்து, நடுவில் வானம் தெரியும் வளவு. வளவின் இரு பக்கத்திலும் வரிசையாக உள்ள அறைகள், திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஒவ்வொரு மகனும் தனிப் ‘புள்ளி’யாகவே, அதாவது தனிக் குடும்பமாகவே, கணக்கிடப்பட்டார், அந்தக் கணக்கு வீட்டின் சுவர்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி, கிணறு.

சுவர்களைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தால் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்த அந்தப் பூச்சு, கோடையிலும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். வளவை நோக்கிச் சரியும் ஓட்டுக் கூரைகள் மழைநீரை உள்ளே இறக்கி, தொட்டிக்கும் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பின. ஆறில்லாத நாட்டில் இத்தனை பெரிய ஊர்கள் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இவ்வளவும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடு வரைக்குள் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழிலின் வருவாயே இதன் அடித்தளம். 1930களின் பொருளாதார நெருக்கடியும் 1942இல் பர்மாவை ஜப்பானியர் கைப்பற்றியதும் அந்த வருவாயை முறித்தன. அதற்குப் பின், பராமரிக்க வழியின்றியோ பங்காளிகளுக்குள் உடன்பாடின்றியோ எத்தனையோ வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவும் விறகுக்கடைக்கும் பழம்பொருள் கடைக்கும் போயின. செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன.

ஆத்தங்குடித் தளக்கற்கள் செய்வதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆத்தங்குடியில் பல பட்டறைகள் வருவோரை அனுமதிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் பண்டிகை நாள்களிலும் வேலை நடக்காது என்பதால் வாரநாளில் செல்வது நல்லது. இந்தக் கற்கள் சுடப்படுவதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலை அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்பதுதான் கைத்திறன். அதன்மேல் உலர்ந்த கலவையும், இவ்வூர் மணல் சேர்த்த சிமெண்டுக் கலவையும் இட்டு அழுத்தி, காய்ந்தபின் சில நாள்கள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு உலர்த்துகிறார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது கல்லின் முகம் வழவழப்பாக வெளிவருகிறது. நடக்க நடக்க மெருகு ஏறும் என்பது மிகையன்று. பழைய வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பைக் காத்தார்கள். வீட்டுக்கு வாங்க விரும்புவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: கல் நன்றாக இருந்து என்ன, அதைப் பதிக்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும். அவரையும் இங்கிருந்தே அழைத்துச் செல்பவர்கள் உண்டு.

மேற்குத் திசையில் ஒரு நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

காலையில் முதலில் குன்றக்குடி. வெயில் ஏறுமுன் படியேறிச் சண்முகநாதரைத் தரிசித்து இறங்கும்போது, மலையின் மேற்குப் புறத்து அடிவாரத்தில் உள்ள குடைவரைகளையும் பார்க்க மறவாதீர்கள். மேலே போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கு வருவதில்லை. மருது சகோதரர்கள் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்தவர்கள்.

அடுத்தது சில கிலோமீட்டர் தொலைவில் பிள்ளையார்பட்டி. கற்பக விநாயகர் பாறையைக் குடைந்து செதுக்கிய உருவம். இரண்டே கைகளும் வலம் சுழித்த துதிக்கையும் வடக்கு நோக்கிய இருக்கையும் அதன் சிறப்பு. தனிச் சிலையாக நிற்காமல் மலையோடு ஒன்றியிருப்பதால், பின்னால் சுற்றி வர வழியில்லை. விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பது இங்கு வழக்கம். அந்த நாள்களிலும் சங்கடஹர சதுர்த்தியிலும் தவிர, வாரநாள் காலைகளில் நெரிசலின்றிப் பார்க்கலாம்.

பிள்ளையார்பட்டியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில் வயிரவன்பட்டிக் கோயில் இருக்கிறது. கூட்டம் குறைவு, சிற்பம் நிறைவு. நண்பகலுக்கு முன் அங்கு சேர முடிந்தால் பிள்ளையார்பட்டியில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது செல்லலாம்.

மதியச் சாப்பாட்டைத் திருப்பத்தூரில் முடித்துக்கொள்ளலாம். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களை ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அவர்களுக்கு நினைவிடம் இங்கு உள்ளது. மாலை நான்கு மணிக்குத் திருக்கோட்டியூர். சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் அட்டாங்க விமானம் மூன்று தளங்களாக எழுவது; நின்ற, இருந்த, கிடந்த கோலங்களை அதில் ஏறிக் காணலாம். திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற திருமந்திரப் பொருளை இராமானுசர் ஊரறிய உரைத்தது இத்தலத்தில் என்பது வைணவ மரபு. அவர் நின்றதாகச் சொல்லப்படும் இடத்தையும், அங்கிருந்து தெரியும் ஊரையும் மாலை வெளிச்சத்தில் பார்ப்பதற்காகவே இதைக் கடைசியில் வைத்தோம்.

பறவைகளைக் காண வேட்டங்குடிக்குச் செல்வது பயன் தருமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை பொய்க்காத ஆண்டுகளில், நிச்சயமாகப் பயன் தரும். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, திருப்பத்தூரிலிருந்து மதுரை செல்லும் வழியில் கொள்ளுகுடிப்பட்டியை ஒட்டியுள்ள கண்மாய்களின் தொகுதி. நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு, நீர்க்காகம் முதலியவை கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக இக்கிராமத்தார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவிலும் இதே கட்டுப்பாடுதான். காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்கு மேலோ செல்ல வேண்டும். கண்மாய் வறண்ட ஆண்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது; தங்குமிடத்தில் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

திருமயத்தில் கோட்டை மட்டும்தானா?

கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்புவது பெரும்பாலோர் செய்யும் தவறு. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய அந்தக் கோட்டையின் உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிகிறது. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் திருமயத்தின் பெருமை, அதே குன்றின் தென்புறச் சரிவில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்று சிவனுக்கு, மற்றொன்று பெருமாளுக்கு. பெருமாள் குடைவரையில் பள்ளிகொண்ட திருமேனி மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டது. பின்சுவரில் தேவர்களும் முனிவர்களும் சூழ்ந்திருக்க, ஆதிசேடனின் நச்சுத் தீயால் மது, கைடபர் என்னும் அசுரர்கள் அஞ்சி ஓடும் காட்சி ஒரே சட்டகத்தில் அமைந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகும் வரை சில நிமிடங்கள் நின்றால்தான் அந்தக் கூட்டம் முழுவதும் புலப்படும். திருமங்கையாழ்வார் பாடிய தலம் இது. சிவன் குடைவரையில் இலிங்கோத்பவர் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். இரு கோயிலாருக்கும் நிலத்தையும் வருவாயையும் பற்றி நெடுங்காலம் நீடித்த வழக்கை, 13ஆம் நூற்றாண்டில் போசளர் (ஹொய்சாளர்) தளபதி ஒருவர் முன்னின்று தீர்த்து வைத்த செய்தி கல்வெட்டாகவே இங்கு இருக்கிறது.

காலையில் வெயில் கடுமையாகுமுன் கோட்டை ஏறி இறங்கிவிட்டு, பிறகு கோயில்களுக்குள் செல்வதே சரியான வரிசை. கோட்டை நண்பகலில் மூடுவதில்லை என்று கருதி அதைப் பிற்பகலுக்குத் தள்ளினால் பாறை காலைச் சுட்டுவிடும்.

சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

முடிக்கலாம்; ஆனால் முடித்தது மட்டுமே மிஞ்சும். மூன்றும் புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவுக்குள் வெவ்வேறு சாலைகளில் உள்ளன. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர். இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் தேர்வு சித்தன்னவாசல். அங்கே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குன்றின் மேற்குப் புறத்தில் உள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையில்தான் புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கின்றன. விதானத்தில் தாமரைக் குளம்: மீன், பறவை, யானை, எருமை, பூப் பறிக்கும் மனிதர். தூண்களில் ஆடல் மகளிர். மங்கிப் போனவைதான், அச்சில் பார்த்த படங்களின் அளவுக்கு நிறத்தை எதிர்பார்க்காமல், கோடுகளின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தால் நெஞ்சில் நிற்கும். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மற்றோர் இடம் ஏழடிப்பட்டம். குன்றின்மேல் ஏறி மறுபுறம் இறங்கி அடைய வேண்டிய இயற்கைக் குகை. அங்கு முனிவர்களுக்காக வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகளும், அவற்றில் ஒன்றின் அருகே கிறித்துவுக்கு முற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. கீழேயிருந்து பார்க்கையில் ஏற்றம் கடுமையாகத் தோன்றும். கைப்பிடிக் கம்பி இருப்பதால் நிதானமாகச் சென்றால் இயலும்.

இரண்டாவதாக எதைத் தேர்வது என்பது உங்கள் நாட்டத்தைப் பொறுத்தது. கட்டடக் கலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு நார்த்தாமலை: வெட்டவெளிப் பாறையில் மேற்கு நோக்கி நிற்கும் விசயாலய சோழீசுவரம், வட்டமான கருவறையைச் சதுரச் சுவருக்குள் கொண்டது. முத்தரையர் கட்டி, மழையில் இடிந்து, மீண்டும் எடுப்பித்தது என்பதைக் கல்வெட்டே கூறுகிறது. எதிரே உள்ள குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. வண்டி நிற்குமிடத்திலிருந்து நிழலற்ற பாறையில் நடக்க வேண்டும் என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் செல்லுங்கள். கதிர் சாயும் நேரத்தில் அந்தக் கோயில் செம்பொன்னாகிறது. இசையில் ஈடுபாடு உள்ளவர்களுக்குக் குடுமியான்மலை: பாறையில் பொறித்த பழைய இசைக் கல்வெட்டு இங்குதான் உள்ளது; கீழ்க்கோயில் மண்டபத்தின் தூண் சிற்பங்களும் சிறந்தவை.

வெயில் நேரத்துக்குப் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகம் ஏற்ற புகலிடம். வெள்ளிக்கிழமையில் விடுமுறை.

நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் பார்க்க வேண்டுமா?

இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பதும் நகரத்தாரின் பிரிவுகளுக்கு உரிய கோயில்கள். திருமணப் பதிவே கோயில் வழியாக நடக்கும் சமூகம் அது. ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றிக் காட்ட வாடகை வண்டிக்காரர்கள் அழைப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். சிற்பம் பார்க்க வருபவர்களுக்கு இரணியூரும் வயிரவன்பட்டியுமே போதுமானவை.

எங்கே, என்ன சாப்பிடலாம்?

‘செட்டிநாடு’ என்ற பெயரில் ஊர் உலகமெல்லாம் விற்கும் உறைப்பை இங்கே தேட வேண்டாம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு ஆகியவற்றின் மணந்தான் இந்தச் சமையலில் முன்னிற்பது. காரம் அளவாகவே இருக்கும். மதியம் இலை போட்டு விருந்து பரிமாறும் வீட்டு விடுதிகளில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். புலால் உண்ணாதவர்களுக்கு வெண்டைக்காய் மண்டி, இனிப்பில் கும்மாயம், பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசிப் பொங்கல் ஆகியவை உண்டு. மாலைப் பலகாரமாக வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் கிடைத்தால் வேறெதையும் கேட்காதீர்கள். வழியில் கொண்டுபோகச் சீடையும் மணகோலமும் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும்.

வாங்கிச் செல்ல என்ன இருக்கிறது?

கண்டாங்கிச் சேலை, புவிசார் குறியீட்டை 2019இல் பெற்ற கனமான பருத்திச் சேலை. கட்டமும் அகலக் கரையும் அதன் அடையாளம். பனையோலையில் முடையும் கொட்டான் என்னும் கூடைகள் விலையும் எடையும் குறைந்தவை. அரியக்குடியின் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நெடுநாள் பெயர் உண்டு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. எனாமல் பாத்திரம், மரப்பெட்டி, பழைய படச் சட்டம் என்று தேடினால் பொழுது போவதே தெரியாது. பேரம் பேசலாம். வெளிநாட்டிலிருந்து வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. புதிதாகச் செய்து பழையதாக்கிய பொருள்களும் அதே கடையில் கிடைக்கும் என்பதால், ‘இது நூறு வருடப் பொருள்’ என்று கடைக்காரர் சொல்வதை இரண்டு வகையிலும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வண்டி இல்லாமல் சுற்ற முடியுமா?

மேற்குத் திசையையும் திருமயத்தையும் பேருந்திலேயே பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மதுரை பக்கமும் புதுக்கோட்டை, திருச்சி பக்கமும் பேருந்துகள் அடிக்கடி உள்ளன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் நகரப் பேருந்துகள் குறைவு. ஓர் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்வது சிக்கனம். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலியை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் வாடகை வண்டியே சரி.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வரலாமா?

வீடுகள், பிள்ளையார்பட்டி, திருமயத்தின் கீழ்க்கோயில்கள் ஆகியவை முதியவர்களுக்குச் சிரமம் தராதவை. பழைய வீடுகளின் நிலைப்படிகள் உயரமானவை என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்குத் திருமயம் கோட்டை, ஆத்தங்குடிப் பட்டறை, வேட்டங்குடி. வீடு வீடாக அழைத்துச் சென்றால் இரண்டாவது வீட்டிலேயே அவர்கள் சலித்துவிடுவார்கள். அது அவர்கள் தவறன்று.

இங்கிருந்தே இராமேசுவரமும் தஞ்சாவூரும் போய் வரலாமா?

போய் வரலாம் என்று பலர் சொல்வார்கள், நாங்கள் சொல்வதில்லை. இரண்டும் நூறு கிலோமீட்டர் அளவோ அதற்கு மேலோ தொலைவில் இருப்பவை. தனியே தங்கிப் பார்க்க வேண்டியவை. அந்த ஒரு நாளைப் பிரான்மலைக்குக் கொடுங்கள். சிங்கம்புணரிக்கு அருகில், பாரியின் பறம்பு என்று போற்றப்படும் அந்த மலையின் அடியில், ஞானசம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் பாதாளம், பூலோகம், கைலாயம் என மூன்று நிலைகளாக அமைந்திருக்கிறது. மலையுச்சியில் ஒரு தர்காவும் உண்டு. ஏறுவதற்குக் காலையில் ஆறு மணிக்கே தொடங்க வேண்டும். ஏற இயலாதவர்கள் கோயிலோடு நின்றுகொள்ளலாம்.

மதுரை வழியாகத் திரும்புவோர், புறப்படும் நாளைச் சற்று முன்னதாகத் தொடங்கினால், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேலூர் வழியை விட்டுச் சிவகங்கை வழியாகச் செல்ல வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரத்தை அங்கு ஒதுக்கிவிட்டு, அதற்கேற்ப ரயிலையோ விமானத்தையோ பதிவு செய்யுங்கள்.